நூற்றவளுக்குப் பெயர், ஆலைக்கு எண்: அம்பர் ராட்டையிலிருந்து சில கேள்விகள்

1

அரசாங்கப் பணத்தில் நடக்கும் பொறியியல் ஆராய்ச்சியை அரசாங்கம் சரியாகக் கண்காணிப்பதில்லை என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கிற முறையீடு. ஆய்வுக்கூடங்கள் பணத்தைத் தின்றுவிடுகின்றன, கருவி எதுவும் ஊர் வந்து சேர்வதில்லை என்று இடதுசாரி நண்பர்கள் சொல்கிறார்கள். தொழிலதிபர்களோடு கூட்டுச் சேர்த்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இரண்டு பேருமே ஒன்றை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள்: கண்காணிப்பு என்பது உப்பைப் போல, கூடலாம், குறையலாம், அவ்வளவுதான்.

எனக்கு அப்படிப் படவில்லை. யார் மீது கண்காணிப்பு, எந்த அளவுகோலை வைத்து, அந்த அளவுகோலைத் தீர்மானித்தது யார் என்பவை அளவைவிட முக்கியமான விஷயங்கள். மிஷேல் ஃபூக்கோவைப் பற்றிப் பேசும்போது 'கண்காணிப்பு' என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் கண்காணி என்றால் ஆள் பிடித்துக்கொண்டு போனவன், வேலை வாங்கியவன், முன்பணத்தைக் கூலியில் கழித்தவன். தொழிலாளியின் ஒவ்வொரு நாளும் அவன் கணக்கில் இருந்தது. அவனுடைய கணக்கு துரையிடம் போகுமே தவிர ஒருநாளும் தொழிலாளியிடம் வரவில்லை. பொதுப் பணத்தில் நடந்த ஜவுளிப் பொறியியல் ஆராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டும்போது இந்த ஒருவழிப் பார்வைதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது.

நான் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். கிழக்கே சிவகாசி, தெற்கே ராஜபாளையத்தின் நூற்பாலைகள், நடுவே எங்கள் தறிக்குழிகள். அப்பா தறியில் இருந்தார். பெரியம்மா சில வருஷம் அம்பர் ராட்டையில் நூற்றாள். ஒரே வீட்டுக்குள் ஆலை நூலும் அம்பர் நூலும் சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இந்த வரலாற்றை 'கதர் நல்லது, ஆலை கெட்டது' என்று சுலபமாக எழுத என்னால் முடியாது.

2

கதை 1929இல் தொடங்குகிறது. அகில பாரத சர்க்கா சங்கம் அந்த வருஷம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மேம்படுத்திய ராட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு 1 லட்ச ரூபாய் பரிசு. அன்றைய மதிப்பில் அது பிரம்மாண்டமான தொகை. காந்தியை இயந்திர விரோதி என்று எழுதிப் பழகியவர்கள் இந்த அறிவிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அது ஒரு பொறியியல் ஆராய்ச்சிக்கான விவரக்குறிப்பு. அரசாங்கம் கையில் இல்லாத ஓர் இயக்கம், மக்களிடம் திரட்டிய பணத்தை முன்வைத்து, தனக்கு எப்படிப்பட்ட கருவி வேண்டும் என்று சொன்ன ஆவணம்.

நிபந்தனைகளைப் பாருங்கள். ராட்டை எடை குறைந்ததாக, எளிதில் நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். கையாலோ காலாலோ ஓட்டும்படி இருக்க வேண்டும். ஒரு பெண் பெரிய சிரமமில்லாமல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அதில் வேலை செய்ய முடிய வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அவ்வப்போது பழுதுபார்த்தால் 20 வருஷம் உழைக்க வேண்டும்; பழுதுபார்க்கும் செலவு வருஷத்துக்கு விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இத்தனை நேரத்துக்கு இத்தனை நீளம் நூல் என்ற உற்பத்தி நிபந்தனையும் இருந்தது. ஆனால் அது பலவற்றில் ஒன்றாக இருந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, இந்த விவரக்குறிப்புக்குள் ஓர் உடம்பு இருக்கிறது என்பது. யார் ஓட்டப் போகிறாள், எவ்வளவு நேரம், எந்த வீட்டில், கருவி கெட்டுப்போனால் யார் செலவழிப்பது என்ற கேள்விகள் கருவியின் இலக்கணமாகவே ஆக்கப்பட்டிருக்கின்றன. அந்த 'பெண்'ணிடம் நேரில் யாரும் கேட்டு எழுதியதாக நான் சொல்ல வரவில்லை. சங்கத்தின் ஆண் தலைவர்கள் அவளுக்காகப் பேசினார்கள் என்பதுதான் உண்மை. அந்தப் பிரதிநிதித்துவத்தின் மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த எந்த அரசாங்க அறிக்கையையும்விட அவள் அதில் அதிகம் இருக்கிறாள்.

பரிசை யாரும் வெல்லவில்லை. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் கருவி வரவில்லை. நிபந்தனையைத் தளர்த்தி யாருக்காவது கொடுத்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கவும் இல்லை. பணம் கொடுப்பவர் முடிவை நேர்மையாகச் சோதிப்பது என்றால் இதுவும்தான் ஒரு மாதிரி.

3

20 வருஷம் கழித்து, 1949இல், அன்றைய திருநெல்வேலி ஜில்லா பாப்பான்குளத்தில் ஏகாம்பரநாதன் என்ற கிராமத்துக் கைவினைஞர் ஒரு ராட்டை செய்தார். ஆலையில் ஓடும் 'ரிங்' நூற்புமுறையை, பெரும்பாலும் மரத்தாலான, கையால் சுற்றும் ஒரு சிறு கருவிக்குள் கொண்டுவந்தார். ஆலைக்கும் குடிசைக்கும் நடுவே இருந்த தொழில்நுட்பச் சுவரில் ஓர் ஓட்டை போட்டது அது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியும் 1910 வரைக்கும் அதே திருநெல்வேலி ஜில்லாதான். அதனால் இதை எங்கள் பக்கத்துக் கதையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வருஷம்தான் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வரானார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கருவி வடக்கே போயிற்று. சர்க்கா சங்கத்தாரும், பிறகு அகமதாபாத்தில் கதர் பிரயோக சமிதியும் அதை எடுத்துத் திருத்தினார்கள். பஞ்சு பட்டையிடும் கருவி, பட்டையை இழுத்துத் திரி ஆக்கும் 'பேல்னி', நான்கு கதிர் கொண்ட ராட்டை என்று மூன்று உறுப்புகள் கொண்ட தொகுதியாக அது ஆயிற்று. ஏகாம்பரநாதன் பெயரிலிருந்து 'அம்பர்' மட்டும் மிஞ்சியது. 'அம்பரம்' என்பதற்குத் துணி என்றும் பொருள் உண்டு. எங்கள் ஊர் ஆண்டாளே அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறாள். வடக்கே இது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. பெயர் சுருங்கியதுகூடப் பெரிய விஷயமில்லை. கண்டுபிடித்தவரின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்குக் கருவி மாறும்போது, அதைப் பற்றி யார் பேசலாம் என்பதும் கூடவே மாறிவிடுகிறது. கிராமத்துத் தச்சர் திருத்தலாம் என்றிருந்த ஒன்று, மாதிரி வரைபடத்துக்கு உட்பட்ட ஒன்றாகிவிட்டது.

இதற்குள் அரசாங்கம் களத்தில் இறங்கிவிட்டது. 1953இல் அகில இந்தியக் கதர், கிராமத் தொழில் வாரியம் வந்தது. அதே வருஷம் ஆலைத் துணி மீது கெஜத்துக்கு 3 பைசா (பழைய பைசா) கூடுதல் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. அதாவது அம்பர் ஆராய்ச்சிக்கும் விநியோகத்துக்கும் போன பணத்தில் ஒரு பங்கு ஆலைத் துணியிலிருந்து வசூலானது. ஆலை முதலாளிகள் இந்தச் செலவைக் கழுகுக் கண்ணோடு பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி அப்போது வாதாடிக்கொண்டிருந்தார். 1954இல் கானுங்கோ குழு கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றுவதே வழி என்றது. 1955இல் கார்வே குழு அதற்கு நேர்மாறாக, பெருகப் போகும் துணித் தேவையைக் கைத்தறிக்கும் அம்பருக்கும் விடலாம் என்றது. 1956இல் கேரா தலைமையில் அம்பர் சர்க்கா விசாரணைக் குழு அமைந்தது.

'விசாரணை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கருவி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. மணிக்கு எத்தனை நூல், என்ன நம்பர், எவ்வளவு வலு, சிட்டத்துக்கு என்ன செலவு, எவ்வளவு மானியம் என்று கேள்விகள். கேட்கக் கூடாதவை என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணம் போகிறது, கேட்கத்தான் வேண்டும். குழு கருவியை நிராகரிக்கவும் இல்லை. கட்டுப்பாட்டோடு அனுமதிக்கலாம் என்ற திசையில்தான் விஷயம் போயிற்று. பிரச்சினை அதற்குப் பின்னால் ஆரம்பிக்கிறது.

4

நூற்புக் கூடத்துக்குப் 'பரிஸ்ரமாலயம்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெரியம்மா வாயில் அது நுழையவில்லை. 'அம்பர் கூடம்' என்றுதான் சொல்வாள். பயிற்சி முடிந்ததும் ராட்டையைத் தவணையில் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பஞ்சுப் பட்டை வரும், நூலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிட்டம் எண்ணி, எடை போட்டு, நம்பர் பார்த்துக் கூலி. ஆலைக் கணக்கில் ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூலை விரலில் உருட்டி நம்பர் சொல்வாள்.

மாதம் ஒருமுறை ஒரு மேற்பார்வையாளர் வருவார். எந்த அலுவலகம், யார் என்பது இங்கே முக்கியமில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு நூற்கச் சொல்வார். அவரிடம் ஒரு ரிஜிஸ்தர் இருந்தது. அதில் பெரியம்மா பெயர், புருஷன் பெயர், தெரு, ராட்டை நம்பர், பெற்ற பஞ்சு, கொடுத்த நூல், சேதாரம், வராத நாள் என்று கட்டங்கள். நூலை இழுத்துக் கொடுக்கும் ரப்பர் உருளைகள் தேய்ந்துபோனால் நூல் கட்டி கட்டியாக வரும், அறும். புது உருளைக்கு எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்கள் ரிஜிஸ்தரில் 'குறைந்த உற்பத்தி' என்ற கட்டத்தில்தான் விழும். உருளைக்குக் கட்டம் கிடையாது.

பிற்காலத்தில் நான் கேட்டபோது பெரியம்மா சொன்னாள்: "நூலு அந்துபோனா எம்மேல குத்தம்னு எழுதுவாரு. ரப்பரு தேஞ்சுபோனா யாரு மேலய்யா குத்தம்? அத எழுதுறதுக்கு அவரு நோட்டுல எடமே இல்லயே."

இதைத்தான் நான் கோட்பாட்டுப் பாஷையில் சொல்ல முயல்கிறேன். அவள் சொன்னது போதும் என்றும் தோன்றுகிறது. 1929 நிபந்தனைகளில் பழுதுபார்க்கும் செலவு இருந்தது, உழைக்கும் ஆயுள் இருந்தது, சிரமம் இருந்தது. அரசாங்கத் திட்டமாக மாறிய பிறகு நூற்பவளின் வீட்டு வாசலுக்கு வந்த கணக்கில் உற்பத்தி மட்டும் தங்கியது. கருவியைச் சோதிக்க வேண்டிய கணக்கு கருவியை ஓட்டுபவளைச் சோதிக்கும் கணக்காகத் திரும்பிவிட்டது.

இப்போது மறுபக்கம். அப்பா அம்பர் நூலைத் தொடமாட்டார். "ஊடைக்கு வேணா வச்சுக்கலாம். பாவுல போட்டா நெய்யிறது எங்க, அந்தத முடியிறதுதான் நாளெல்லாம் பொழப்பு" என்பார். தறிக்காரனுக்குக் கூலி நெய்த கெஜத்துக்கு. முடிச்சுக்குக் கூலி இல்லை. ஆகவே ராஜபாளையத்து ஆலை நூல்தான் எங்கள் பாவில் ஓடியது. அவரைக் கதருக்குத் துரோகம் செய்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரியம்மாவின் நூல் சீராக வராததற்கும் அப்பா அதை மறுத்ததற்கும் காரணம் ஒன்றுதான், தேய்ந்த உருளை. அக்காளும் தங்கை புருஷனும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உருளை தப்பித்துக்கொண்டது.

அமர்த்தியா சென் தொழில்நுட்பத் தேர்வு பற்றி 1960இல் வெளியிட்ட நூலில் அம்பரை ஒரு தனி உதாரணமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அது தரும் நூலின் மதிப்பு அதற்கு ஆகும் செலவைத் தாங்காது, உபரிக்கு வழியில்லை, விலைவாசியை ஏற்றவே செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே வருஷம் ஞான் சந்த் தலைமையிலான கதர் மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையும் வந்தது. விநியோகித்த ராட்டைகளில் பெரும் பகுதி ஓடாமல் கிடப்பது அதற்குள் ஊரறிந்த விஷயம் ஆகிவிட்டது. சென் போட்ட கணக்கில் நான் தவறு காணவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட கருவியை, அதன் குறிப்பிட்ட வளர்ச்சி நிலையில், மாறாத பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆலையின் ரிங் நூற்பு இயந்திரம் நூறு வருஷத்துக்கு மேலாகத் திருத்தப்பட்டு வந்தது. அம்பருக்கு ஐந்தாறு வருஷம் கூடத் தரவில்லை. 'இந்தக் கருவி லாபமா' என்பது பொருளியல் கேள்வி. 'இந்தக் கருவியைத் திருத்துகிற வேலை யாருடைய பொறுப்பு, அது நடந்ததா' என்பது ஆராய்ச்சியைக் கண்காணிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்விக்குக் குழு மேல் குழு. இரண்டாவது கேள்வி ரிஜிஸ்தரில் கட்டமில்லாமல் போன கேள்வி.

பிறகு இரும்பால் ஆன புது மாடல் சர்க்காக்கள் வந்தன, கதிர்கள் கூடின, உருளைகளும் மேம்பட்டன. அதற்குள் எங்கள் ஊர்ப்பக்கத்தில் நூற்றுக்கொண்டிருந்த பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

5

கேரா குழு அமைந்த அதே 1956இல் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 'சிட்ரா', உருவானது. 1947இல் அகமதாபாத்தில் 'அட்டிரா', அடுத்துப் பம்பாயில் 'பிட்ரா' என்று வந்த வரிசையில் அடுத்தது. ஆலைகள் உறுப்பினர்களாகச் சேர்ந்து சந்தா கட்டும். அரசாங்கம், முதலில் சி.எஸ்.ஐ.ஆர். வழியாகவும் பிற்பாடு ஜவுளி அமைச்சகத்தின் வழியாகவும், தன் பங்கைக் கொடுக்கும். பொது ஆராய்ச்சியும் தனியார் தொழிலும் கூட்டுச் சேர்வது என்று இன்று புதுமை போலப் பேசப்படுவது, தமிழ்நாட்டில் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது.

சிட்ராவின் வேலையைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. பஞ்சுச் சோதனை, நூல் தரம், இயந்திரப் பராமரிப்பு என்று தென்னிந்திய நூற்பாலைகளின் முன்னேற்றத்தில் அதன் பங்கு பெரிது. ராஜபாளையம் உட்படப் பல ஊர்களில் விசைத்தறி சேவை மையங்களை நடத்தியிருக்கிறது. நான் பார்க்க விரும்புவது வேறொன்றை. ஆலைகளை ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு முக்கிய அளவு உண்டு: 100 கிலோ நூல் உற்பத்தி செய்யத் தொழிலாளர்கள் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது என்பது. எண் குறையக் குறைய ஆலை திறமையானது. இத்தகைய ஒப்பீடுகளில் ஆலைக்குப் பெயர் இருக்காது, குறியீட்டு எண் இருக்கும் என்பது வழக்கம். வியாபார ரகசியம் காக்கப்பட வேண்டுமல்லவா.

பெரியம்மா பெயர், புருஷன் பெயர், தெருவோடு ரிஜிஸ்தரில் இருந்தாள். ஆலை எண்ணாக இருந்தது. இரண்டு இடத்திலும் போவது பொதுப் பணம்தான்.

சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும். 1957இல் சட்டப்படி அமைந்த கதர் ஆணைக்குழுவின் கணக்கு தணிக்கைத் தலைவரிடம் போகிறது. ஆனால் மானியம் பெறும் சங்கங்கள், கழகங்கள் விஷயத்தில் 1971ஆம் வருஷத்துத் தணிக்கைத் தலைவர் சட்டத்தின் 14ஆவது பிரிவு ஒரு வரம்பு போடுகிறது. அரசாங்க மானியமோ கடனோ 25 லட்ச ரூபாய்க்குக் குறையாமலும், அமைப்பின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் தணிக்கை கடமை. சதவீதம் அதற்குக் கீழே போனால், தொகை 1 கோடிக்குக் குறையாதிருந்தால், மேலிடத்து அனுமதி பெற்றுத் தணிக்கை செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதிக்குப் பாதி கூட்டு என்ற ஏற்பாடு, தானாகவே கடமையின் எல்லையைத் தாண்டி அனுமதியின் எல்லைக்குள் போய்விடுகிறது. யாரும் சதி செய்யவில்லை. கூட்டாளியின் பங்கு கூடும்போது பொதுமக்களின் பார்வை குறைய வேண்டும் என்பது சட்டத்தின் தர்க்கமாகவே ஆகிவிட்டது. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்திலும் 8ஆவது பிரிவில் வணிக நம்பிக்கை, தொழில் ரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. பரந்த பொதுநலன் கோரினால் தரலாம் என்ற சிறு கதவோடு. பொதுப் பணத்தில் பிறந்த அறிவுச் சொத்தை எப்படி ஆள்வது என்று 2008இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அமெரிக்காவின் 1980ஆம் வருஷத்து பே-டோல் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அது சட்டமாகவில்லை.

மானியத்துக்குக் கணக்கு காட்டுவது என்றால் நடைமுறையில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுப்பது. கொடுத்த பணம் எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவானது என்று பெற்றவரே எழுதித் தரும் தாள். அதில் பணத்தின் பயணம் இருக்கும். கருவியின் பயணம் இருக்காது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரக் கருவிகள் உருவான கதையை டேவிட் நோபிள் 1984இல் எழுதினார். விமானப்படையின் பணம் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. தேர்ந்த தொழிலாளியின் கையசைவைப் பதிவுசெய்து இயந்திரத்தைத் திரும்ப ஓட்டவைக்கும் எளிய முறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது ஓரம் கட்டப்பட்டது. பட்டறையில் இருந்த அறிவை அலுவலக மேசைக்கு எடுத்துச் செல்லும் முறை வென்றது. பணம் கொடுத்த ராணுவம் கண்காணிக்காமல் இல்லை; நன்றாகவே கண்காணித்தது. தொழிலாளியின் கையிலிருந்து அதிகாரம் போவது அந்தக் கண்காணிப்பில் ஒரு குறையாகத் தெரியவில்லை.

6

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக எங்கள் பக்கத்து ஊருக்கு வருகிறேன். தறி நின்ற வீடுகளிலிருந்து சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு விடியற்காலையில் வேன் போகிறது.

டெல்லியின் காற்று மாசு குறித்து, கைக்குழந்தைகள் பெயரில் 2015இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்துத் தீர்ப்பளித்தது. சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் நாகபுரி சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனமான 'நீரி' பொதுப் பணத்தில் புதிய கலவைகளை உருவாக்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பெயர்கள். நுண்துகள் குறைந்தது 30 சதவீதம் குறையும் என்றார்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்களுக்குக் கலவை தரப்பட்டது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல், சோதனை, பெட்டியில் அடையாளச் சின்னம் என்று அடுக்கடுக்காக ஏற்பாடுகள். பேரியம் தடையை மீறுவதாக 2021 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்தது. பொது ஆராய்ச்சி, தொழில் கூட்டு, அரசுக் கண்காணிப்பு மூன்றும் ஒன்றாக, அதுவும் உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த உதாரணம் இதைவிட வேறு கிடைக்காது.

எதைக் கண்காணித்தார்கள்? வெடித்த பிறகு வரும் புகையை. கலக்கும்போது உள்ளே இருப்பவரை அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பசுமைப் பட்டாசு வந்த பிறகு, 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் சுமார் இருபது பேர் செத்தார்கள். புதிய கலவைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறிய ஆட்களும், உள்குத்தகையும், உரிமத்துக்கு மாறான வேலையும்தான். ஆனால் ஒரு கலவையை 'மேம்பட்டது' என்று சான்றளிக்கும் அளவுகோலில் டெல்லிக் குழந்தையின் நுரையீரல் இடம்பெற்றது. அது இடம்பெற வேண்டியதுதான். கலவை அறையில் நிற்கும் வத்திராயிருப்புக்காரியின் கை அதே தாளில் ஏன் ஒரு கட்டமாக இல்லை? அவள் கையாளும் மருந்தில் என்ன இருக்கிறது என்பதும் ஒப்பந்தப்படி ரகசியம்.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மருத்துவத் துணிகளுக்கான உயராய்வு மையம் சிட்ராவில் இயங்குகிறது. 2020இல் 1480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அறிவிக்கப்பட்டது. மேலே வழிகாட்டுக் குழு, கீழே அதிகாரம் பெற்ற குழு என்று கண்காணிப்புக்குக் குறைவில்லை. கூலி உயர்வுக்குச் சத்திரப்பட்டித் தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து பேச அந்தக் குழுக்களில் நாற்காலி இருப்பதாகத் தெரியவில்லை.

7

இருந்த நாற்காலிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் பாதியைக் கைத்தறிக்கு வசதியாகச் சிட்டமாகக் கட்ட வேண்டும் என்று இருந்த கட்டாயம் 2003இல் 40 சதவீதமாகவும் 2019இல் 30 சதவீதமாகவும் குறைந்தது. கைத்தறிக்கு ஒதுக்கிய 22 ரகங்கள் 11 ஆயின. 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கலைக்கப்பட்டது. அது பெரிதாக எதையும் சாதித்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது.

இதற்கு மாற்றாகக் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆராய்ச்சியாளனைச் சுதந்திரமாக விட்டுவிடு என்ற கோஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுதந்திரமாக விட்டபோதும் அவன் பெரியம்மாவிடம் வந்து உருளையைப் பற்றிக் கேட்கவில்லை. குழுக்களை இன்னும் கூட்டினால் சரியாகும் என்பதிலும் நம்பிக்கை இல்லை. அதே கட்டங்களை இன்னும் நாலு பேர் நிரப்புவார்கள்.

1929இன் நிபந்தனைத் தாளுக்குத் திரும்பிப் போகலாம் என்பதுதான் என் யோசனை. அதன் கதர் மனோபாவத்துக்கு அல்ல, அதன் வடிவத்துக்கு. யார் ஓட்டுவார், எவ்வளவு நேரம், உடம்புக்கு என்ன ஆகும், விலை என்ன, கெட்டுப்போனால் யார் எத்தனை நாளில் சரிசெய்வார் என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து அதே தாளை எடுத்துச் சோதிப்பது. அந்தத் தாளை எழுதும்போது ஓட்டப் போகிறவர்களும் உட்கார்ந்திருப்பது. இது 1929இலும் நடக்காதது. பொதுப் பணம் ஒரு ரூபாய் போனாலும் கூட்டாளி ஆலைக்கும் எண்ணுக்குப் பதில் பெயர் இருப்பது. தொழில் ரகசியம் என்று வாதம் வரும். நூற்றவளின் புருஷன் பெயரை ஊர் ரிஜிஸ்தரில் எழுதியபோது யாரும் ரகசியம் பற்றிப் பேசவில்லை என்று பதில் சொல்லலாம்.

பெரியம்மாவின் ராட்டை வெகுகாலம் பரணில் கிடந்தது. ஒருநாள் பழைய சாமான்காரர் வந்தபோது எடுத்துப் போட்டோம். உருளையில் இருந்த ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. தவணை மட்டும் முழுசாகக் கட்டி முடித்திருந்தாள்.